நட்சத்திரத்தை வாங்கும் முன் ஏழாவது ஆளைப் பாருங்கள்

கேள்வி இதுதான். என்பிஏ என்ற வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் ஓர் அணியிடம் ஒரு நல்ல இளம் நட்சத்திரம் இருக்கிறார். அவரைச் சுற்றி, நம்பிக் களத்தில் இறக்கக்கூடிய ஆறேழு பேர் இருக்கிறார்கள். இந்த நேரத்தில் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெரிய பெயர் டிரேடுக்கு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரத்துக்கு, வருகிறது. விலை, அந்த ஆறேழு பேரில் மூவர், கூடவே நான்கு முதல் சுற்று டிராஃப்ட் பிக்குகள் (லீக்குக்குப் புதிதாக வரும் வீரர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் உரிமைகள்). வாங்கலாமா, இல்லை இருக்கிற அணியையே சமநிலையோடு வளர்க்கலாமா?

இந்த விலைக்கு வேண்டாம் என்பேன். ஆனால் "நட்சத்திரம் எதற்கு, எல்லோரும் சேர்ந்து ஆடினால் போதாதா" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கிரிக்கெட்டில் எவ்வளவு பெரிய பேட்ஸ்மேனும் ஒரு பந்தில் அவுட்டாகி உள்ளே போய் உட்கார வேண்டியதுதான். கால்பந்தில் முன்வரிசை ஆட்டக்காரருக்குப் பந்தே வராமல் கால் மணி நேரம் போய்விடும். கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்தே பேர். பிளே-ஆஃப் வந்துவிட்டால் சிறந்த வீரர் 48 நிமிடத்தில் 40 நிமிடம் ஆடுவார், அணி தாக்கும்போதெல்லாம் பந்து பெரும்பாலும் அவர் கையைத் தொட்டுத்தான் போகும். ஒரே ஆளால் ஆட்டத்தை இந்த அளவுக்குத் திருப்ப முடிகிற குழு விளையாட்டு வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 2021இல் மில்வாக்கி ஜெயித்தபோது யானிஸ் அன்டெடோகும்போ இருந்தார். 2023இல் டென்வருக்கு நிக்கோலா யோக்கிச். 2025இல் ஓக்லஹோமா சிட்டிக்கு ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர். லீக்கின் முதல் ஐந்தாறு பேரில் ஒருவர் இல்லாமல் கோப்பையைத் தொட்ட அணிகள் மிகக் குறைவு.

சமநிலையைப் பற்றிப் பேசும் எல்லோரும் எடுத்துக்காட்டும் அணி 2004இன் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். எதிரே லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ்: ஷாக்கில் ஓ'நீல், கோபி பிரயண்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன். டெட்ராய்ட் 4-1 என்று தொடரை எடுத்தது. மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸை 68 புள்ளிகளில் நிறுத்தியது. அந்தத் தொடர் இன்றைக்கும் எனக்குப் பிடித்த தொடர்களில் ஒன்று. ஆனால் அதிலிருந்து எடுக்கப்படும் பாடம் பாதிதான் சரி. மலோனுக்கு அப்போது 40 வயது, முழங்கால் காயம் வேறு. பேட்டனுக்கு 35. அதைவிட முக்கியமான விஷயம், டெட்ராய்ட் அந்த நிலைக்கு வந்ததே ஒரு டிரேடால்தான். பிப்ரவரி 2004இல் ரஷீத் வாலஸை வாங்கினார்கள். சான்சி பில்லப்ஸ், ரிச்சர்ட் ஹாமில்டன், டெய்ஷான் பிரின்ஸ், பென் வாலஸ் என்ற நால்வரில் ஒருவரைக்கூடக் கொடுக்காமல் வாங்கினார்கள். காலியாக இருந்தது ஓர் இடம், அதற்குப் பொருத்தமான ஆள் கிடைத்தார், மற்ற நால்வரும் அப்படியே இருந்தார்கள். அதனால் பிஸ்டன்ஸை டிரேடுக்கு எதிரான சாட்சியாக நிறுத்த முடியாது. நன்றாகச் செய்த ஒரு டிரேடுக்குத்தான் அவர்கள் சாட்சி.

ஒரு பெரிய டிரேடு நடந்ததும் எல்லோரும் வருகிறவரைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மிச்சமிருப்பவர்களை. இது ஏதோ சிக்கனப் புத்தியால் வந்த பழக்கம் இல்லை, பிளே-ஆஃப் ஆட்டம் நடக்கிற விதம் அப்படி. வழக்கமான சீசனில் 82 ஆட்டம். ஒவ்வொரு இரவும் வேறு எதிரணி. உங்கள் அணியில் தற்காப்பில் பலவீனமான ஓர் ஆள் இருந்தால், அவரைத் தேடிப்பிடித்து அடிக்க எதிரணி கோச்சுக்கு நேரமில்லை. பிளே-ஆஃபில் அதே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை ஆட வேண்டும். முதல் ஆட்டத்தின் இரண்டாம் பாதிக்குள் உங்கள் பலவீனமான ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த ஆள் யாரைக் காக்கிறாரோ அந்த வீரரையே ஸ்கிரீன் போட, அதாவது பந்து வைத்திருப்பவரைக் காப்பவரின் வழியை உடலால் மறிக்க, அழைப்பார்கள். உங்கள் ஆட்கள் ஸ்விட்ச் செய்தாக வேண்டும், அதாவது யார் யாரைக் காப்பது என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், அவர்களுடைய சிறந்த ஆட்டக்காரர் உங்களுடைய பலவீனமான ஆளுக்கு முன்னால் பந்தோடு நிற்பார். இதையே ஆட்டத்துக்கு இருபது முறை செய்வார்கள். தாக்குதலிலும் இதே கதைதான். மூன்று புள்ளி ஷாட் போடத் தெரியாத ஒருவர் களத்தில் நின்றால், அவரைக் காக்க வேண்டியவர் அவரை விட்டுவிட்டு உங்கள் நட்சத்திரத்தின் பாதையில் போய் நிற்பார்.

அப்புறம், பிளே-ஆஃபில் கோச்சுகள் எட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். அதனால் ஆழம் தேவையில்லை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அது நேர்மாறாகத்தான் படுகிறது. எட்டுப் பேர்தான் ஆடப்போகிறார்கள் என்றால் அந்த எட்டில் ஓர் ஓட்டைகூட இருக்கக் கூடாது. இருந்தால் அது ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். மேலே எவ்வளவு நல்ல நட்சத்திரம் இருந்தாலும் கீழே ஒழுகிக்கொண்டே இருக்கும். 2024 இறுதித் தொடரில் பாஸ்டனின் முக்கிய வீரர்கள் எல்லோருக்கும் ஷாட் போடவும் தெரியும், காக்கவும் தெரியும். அவர்கள் டாலஸின் லூக்கா டான்சிச்சையே திரும்பத் திரும்பத் தற்காப்புக்கு இழுத்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் நான்கு நிமிடம் பாக்கி இருக்கும்போது டான்சிச் ஆறாவது ஃபவுலோடு வெளியேற வேண்டிவந்தது. தொடர் 4-1.

இந்தக் கண்ணோடு இரண்டு டிரேடுகளைப் பாருங்கள்.

2018இல் டொராண்டோ, டிமார் டிரோசனைக் கொடுத்து கவாய் லெனார்டை வாங்கியது. ரசிகர்களுக்கு அது பெரிய மனவேதனை. டிரோசன் அந்த அணியோடு வளர்ந்தவர், அங்கேயே இருக்க ஆசைப்பட்டவர். லெனார்டோ காயத்தால் அதற்கு முந்தைய சீசனில் ஒன்பது ஆட்டம்தான் ஆடியிருந்தார், ஒப்பந்தத்தில் ஒரே ஆண்டுதான் உறுதியாக இருந்தது. சூதாட்டம் என்றார்கள். ஆனால் கொடுத்தது என்ன? டிரோசன், யாக்கப் பர்ட்டில், பாதுகாப்பு நிபந்தனை வைத்த (மிக முன்னால் வந்தால் கைமாறாத) ஒரே ஒரு முதல் சுற்றுப் பிக். லெனார்டோடு டேனி கிரீனும் வந்தார். கைல் லவ்ரி, பாஸ்கல் சியாக்கம், சர்ஜ் இபாக்கா, டிராஃப்டில் யாருமே எடுக்காத ஃபிரெட் வான்வ்லீட் எல்லோரும் மிச்சம். சீசன் நடுவில் மார்க் கசோலையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆண்டே கோல்டன் ஸ்டேட்டை 4-2 என்று வென்று சாம்பியன். அடுத்த மாதம் லெனார்ட் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். ஆனாலும் அந்த டிரேடு தவறு என்று டொராண்டோவில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் போன பிறகும் நல்ல அணி ஒன்று நின்றது. முதலிலேயே மிச்சம் வைத்திருந்ததன் பலன் அது.

மூன்று ஆண்டு கழித்து, 2021இல், லேக்கர்ஸ் ரசல் வெஸ்ட்புரூக்கை வாங்கியது. லெப்ரான் ஜேம்ஸ், அந்தோணி டேவிஸ், வெஸ்ட்புரூக் மூவரும் சேர்ந்தால் காகிதத்தில் பயமுறுத்தும் அணி. கொடுத்தது கைல் குஸ்மா, கென்டேவியஸ் கால்ட்வெல்-போப், மான்ட்ரெஸ் ஹாரெல், ஒரு முதல் சுற்றுப் பிக். அதே கோடையில் அலெக்ஸ் கரூசோவையும் போகவிட்டார்கள். முந்தைய சீசனில் அந்த அணியின் தற்காப்புதான் லீக்கிலேயே சிறந்தது. அதைத் தாங்கிய கைகள் ஒரே கோடையில் வெளியேறின. வந்தவருக்குக் கையில் பந்து இருந்தால்தான் ஆட்டம் வரும், ஆனால் பந்து ஏற்கெனவே லெப்ரான் கையில் இருந்தது. பந்து இல்லாத நேரத்தில் மூலையில் நின்று மூன்று புள்ளி ஷாட் போடுவது அவருடைய பலம் அல்ல. முடிவு 33 வெற்றி, 49 தோல்வி. பிளே-ஆஃபின் கடைசி இடங்களுக்கான பிளே-இன் ஆட்டத்துக்குக்கூடத் தகுதி இல்லை. வெஸ்ட்புரூக் மீதே மொத்தப் பழியையும் போட்டார்கள், அது நியாயமில்லை. அவர் எப்போதும் ஆடியபடிதான் ஆடினார். அவர் ஆட்டத்துக்கு இடமில்லாத அணிக்கு அவரைக் கொண்டுவந்தவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. கால்ட்வெல்-போப் 2023இல் டென்வரோடு சாம்பியன். கரூசோ 2025இல் ஓக்லஹோமா சிட்டியோடு சாம்பியன்.

மூன்று நட்சத்திரங்கள் ஒன்றாகச் சேரவே முடியாது என்பதும் இல்லை. 2007 கோடையில் பாஸ்டன், பால் பியர்ஸோடு கெவின் கார்னெட்டையும் ரே ஆலனையும் சேர்த்தது. முந்தைய சீசனில் 24 வெற்றி. அந்த சீசனில் 66 வெற்றியும் கோப்பையும். கார்னெட் ஆட்டத்துக்கு 22.4 புள்ளியிலிருந்து 18.8க்கு இறங்கினார். பியர்ஸ் 25இலிருந்து 19.6க்கு. ஆலன் 26.4இலிருந்து 17.4க்கு. மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள், விட்டுக்கொடுக்க அவர்களால் முடிந்தது. ஆலனுக்குப் பந்து வேண்டாம், ஓடி ஓடி இடம் பிடித்தாலே எதிரணி பதறும். கார்னெட்டின் பெரிய மதிப்பு தற்காப்பில் இருந்தது. அந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருது அவருக்குத்தான். ராஜான் ராண்டோவையும் கென்ட்ரிக் பெர்க்கின்ஸையும் கொடுக்காமல் காப்பாற்றிக்கொண்டார்கள், ஜேம்ஸ் போசி போன்ற ஒருவரைப் பெஞ்சுக்குச் சேர்த்தார்கள். அதனால் ஒரு நட்சத்திரம் வருகிறார் என்றால் நான் கேட்பது: பந்து கையில் இல்லாத நிமிடங்களில் இவர் என்ன செய்வார்?

இதற்கெல்லாம் மேலே, ஒரே ஓர் ஆளை வைத்து முழு விஷயத்தையும் விளக்கலாம் என்றால் அது ஜூரூ ஹாலிடே. 2020இல் மில்வாக்கி அவருக்காக எரிக் பிளெட்சோ, ஜார்ஜ் ஹில், மூன்று முதல் சுற்றுப் பிக்குகள், இரண்டு பிக்-மாற்று உரிமைகள் (இரு அணிகளின் பிக்குகளில் நல்லதை எடுத்துக்கொள்ளும் உரிமை) என்று கொடுத்தபோது விலை அதிகம் என்று பலரும் சொன்னார்கள். ஹாலிடே அன்று முதல் வரிசை நட்சத்திரம் இல்லை. ஆனால் மில்வாக்கியிடம் முதல் வரிசை நட்சத்திரம் ஏற்கெனவே இருந்தார். இல்லாதது, எதிரணியின் சிறந்த கார்டை (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் வெளிவட்ட வீரரை) மறிக்கவும் கடைசி நிமிடங்களில் பந்தைப் பத்திரமாகக் கொண்டுபோகவும் ஓர் ஆள். 2021 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம், கடைசி விநாடிகள். ஹாலிடே, எதிரணியான ஃபீனிக்ஸின் டெவின் புக்கரின் கையிலிருந்தே பந்தைப் பறித்து, மறுமுனையில் யானிஸுக்கு உயரத் தூக்கிப் போட்டார்; யானிஸ் அதைக் கூடைக்குள் அறைந்தார். அடுத்த ஆட்டத்தில் மில்வாக்கி சாம்பியன். வாங்கியது எதற்கு என்று அந்த ஒரு காட்சியே சொல்லும்.

இரண்டே ஆண்டில் அதே மில்வாக்கி ஹாலிடேயைக் கொடுத்து டேமியன் லில்லர்டை வாங்கியது. லில்லர்ட் பெரிய நட்சத்திரம், எங்கிருந்தும் ஷாட் போடுவார், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தற்காப்பின் முன்வரிசை அன்றோடு திறந்துவிட்டது. ஹாலிடே சில நாட்களிலேயே போர்ட்லாந்து வழியாகப் பாஸ்டனுக்குப் போனார். அந்த சீசனிலேயே பாஸ்டன் கோப்பையை எடுத்தது. மில்வாக்கி 2024, 2025 இரண்டு ஆண்டும் முதல் சுற்றிலேயே இண்டியானாவிடம் தோற்றது. காயங்களும் சதி செய்தன என்பதை மறைக்கக் கூடாது. 2024 தொடரில் யானிஸ் ஆடவே இல்லை, 2025இல் லில்லர்டின் குதிகால் தசைநார் அறுந்தது. ஆனால் வயது கூடிய நட்சத்திரத்தை வாங்கும்போது அந்தக் காய அபாயத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அவர் விழுந்தால் அடுத்து யார் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. அந்தக் கோடையில் மில்வாக்கி லில்லர்டை விடுவித்து, பாக்கிச் சம்பளத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பிக் கட்ட வேண்டிவந்தது.

இனி பிக்குகள். நான்கு பிக் என்பது இன்றைக்கு வெறும் காகிதம் மாதிரி தெரியும். 2013இல் புரூக்ளினுக்கும் அப்படித்தான் தெரிந்தது. கார்னெட், பியர்ஸ், ஜேசன் டெரி மூவருக்காக மூன்று முதல் சுற்றுப் பிக்குகளையும் ஒரு மாற்று உரிமையையும் பாஸ்டனுக்குக் கொடுத்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு பிளே-ஆஃப் சுற்று வெற்றி. அந்தப் பிக்குகளின் வழியாகப் பாஸ்டனுக்குக் கிடைத்தவர்கள் ஜெய்லன் பிரவுனும் ஜேசன் டேட்டமும். 2024 கோப்பையைத் தூக்கிய பாஸ்டனின் முதுகெலும்பே அந்த இருவர்தான். 2019இல் கிளிப்பர்ஸ் பால் ஜார்ஜுக்காக ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்றுப் பிக்குகளையும் கொடுத்தது. அவற்றில் ஒன்றில் ஓக்லஹோமா சிட்டி எடுத்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2025 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி அடித்தார். ஷாய் அந்த ஆண்டு லீக்கின் மதிப்புமிக்க வீரர், இறுதித் தொடரின் மதிப்புமிக்க வீரரும் அவரே. ஜார்ஜ் 2024இல் கிளிப்பர்ஸை விட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார்; பதிலுக்குக் கிளிப்பர்ஸுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நட்சத்திரத்துக்கு வயது ஏற ஏற நீங்கள் கொடுத்த பிக்குகளின் மதிப்பு கூடும், ஏனென்றால் டிராஃப்டில் மோசமான அணிகளின் பிக்குகளே முன்னால் வரும்; அவர் தளர்ந்து உங்கள் அணி சரியும் அதே ஆண்டுகளில்தான் அந்தப் பிக்குகள் மேலே ஏறும்.

பணக் கணக்கும் இப்போது மாறிவிட்டது. 2025-26 சீசனுக்கு ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு சுமார் 15.5 கோடி டாலர். பத்தாண்டு அனுபவமுள்ள நட்சத்திரம் அதில் 35 விழுக்காடு வரை வாங்கலாம். அப்படி மூவர் இருந்தால் அவர்கள் சம்பளமே உச்சவரம்பைத் தாண்டிவிடும், இன்னும் பன்னிரண்டு இடம் நிரப்ப வேண்டும். உச்சவரம்பைத் தாண்ட விதிகளில் வழி உண்டு. ஆனால் லீக்கும் வீரர்கள் சங்கமும் 2023இல் போட்ட புதிய ஒப்பந்தம் 'செகண்ட் ஏப்ரன்' என்று மேலே ஒரு கோடு போட்டிருக்கிறது; 2025-26இல் அது சுமார் 20.8 கோடி. அதைத் தாண்டினால் வரி மட்டும் இல்லை, இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்கும் டிரேடு செய்ய முடியாது, ஏழு ஆண்டு தள்ளியுள்ள முதல் சுற்றுப் பிக்கை விற்க முடியாது. பிழையைத் திருத்தும் கருவிகளையே பிடுங்கிவிடுகிறார்கள். ஃபீனிக்ஸ் அதில்தான் மாட்டியது. கெவின் டுராண்டுக்காக மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நான்கு பிக்குகள். அதன் மேல் பிராட்லி பீல். புக்கரையும் சேர்த்து மூவரும் உச்ச சம்பளம். 2024இல் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் 4-0. அடுத்த சீசன் 36 வெற்றி, பிளே-இன்கூட இல்லை. 2025இல் டுராண்டை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள், பீலைப் பணம் கொடுத்து விடுவித்தார்கள். சமநிலையான பாஸ்டனும் தப்பவில்லை. அதே கோட்டுக்குப் பயந்து 2025இல் ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் விட்டது.

சமநிலை என்ற பெயரிலும் பெரிய பிழை நடக்கும் என்பதற்கு டாலஸ். பிப்ரவரி 2025இல், 25 வயது டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து அந்தோணி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, ஒரே ஒரு முதல் சுற்றுப் பிக் வாங்கினார்கள். தற்காப்புதான் கோப்பையை வெல்லும் என்பது அவர்கள் சொன்ன காரணம். தற்காப்பு முக்கியம்தான். ஆனால் அந்த வயதில் அந்தத் தரத்தில் இருக்கும் ஒருவரைச் சுற்றித் தற்காப்பைக் கட்டுவார்கள், அவரைக் கொடுத்துத் தற்காப்பை வாங்க மாட்டார்கள். டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டார், அணி பிளே-ஆஃபுக்குப் போகவில்லை, அந்த முடிவை எடுத்த ஜெனரல் மேனேஜர் நவம்பரில் வேலையை இழந்தார்.

சரி, கேட்ட டிரேடுக்கு வருகிறேன். உங்கள் இளம் நட்சத்திரம் இருக்கட்டும், அவரைத் தொடவே வேண்டாம். வருகிறவரைச் சேர்த்து, போகிற மூவரைக் கழித்து, பிளே-ஆஃபில் இறங்கும் எட்டுப் பேரை ஒரு தாளில் எழுதுங்கள். ஆறாவது, ஏழாவது, எட்டாவது பெயர் எழுதும்போது கை தயங்கினால் அந்த டிரேடு வேண்டாம். ஆறேழு பேரில் மூவர் போனால் தயங்கத்தான் செய்யும். கூடவே, முப்பது தாண்டியவருக்கு நான்கு பிக் என்பது உங்கள் இளம் நட்சத்திரம் உச்சத்துக்கு வரும் ஆண்டுகளை அடகு வைப்பது. எதிரணி இறங்கிவந்து ஒரு சுழற்சி வீரர் (தவறாமல் களம் இறங்குபவர்), சம்பளத்தைச் சமன்செய்ய நீங்கள் அதிகம் ஆடவைக்காத ஒருவர், பாதுகாப்பு நிபந்தனையோடு இரண்டு பிக் என்றால், அதுவும் வருகிறவர் பந்து இல்லாமலும் ஆடத் தெரிந்தவர் என்றால், நான் அன்றே கையெழுத்துப் போடுவேன். இல்லாவிட்டால் அந்தப் பிக்குகளில் பாதியை வைத்து, உங்களுக்கு இப்போது இல்லாத ஒரு ஹாலிடேயையோ கரூசோவையோ தேடுவேன். ஓக்லஹோமா சிட்டி கரூசோவை வாங்கக் கொடுத்தது ஜாஷ் கிடி என்ற ஒரே வீரரை. ஒரு பிக்கூட அதில் போகவில்லை.